கட்டைவிரல் மாத்திரை

அந்தக் கால்பந்து கிளப்பில் அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தலைவர் முதல் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் ஐஸ் மாமா. ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது, சுளுக்குக்குக் கட்டுப் போடுவது, ஆட்டத்தின் நடுவே யாராவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதுதான் அவர் வேலை. விழுந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே ஐஸ் பையை எடுத்து அமுக்கிவிடுவார். ஒருமுறை ஒருவன், "மாமா, கண்ணுல தூசி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முழங்காலில் ஐஸ் வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை இல்லை, நடந்ததுதான்.

இளவயதில் அவரும் ஆடியவர். இரண்டாம் அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். ஒருநாள் முழங்கால் திருகிக்கொண்டது, ஆட்டம் அதோடு போயிற்று. மைதானத்தை விட்டுப் போக மனம் வராமல் அங்கேயே உடம்பு பிடிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் போன மனிதர் என்று யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஓடுவார். தோளில் பை ஒரு பக்கம் ஆட, கையில் வாளி இன்னொரு பக்கம் ஆட, கோணல்மாணலாக ஒரு ஓட்டம். கேலரியில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். "நம்ம முன்னணிக்காரனை உட்கார வெச்சுட்டு மாமாவை இறக்குங்கய்யா!" என்று யாராவது கத்துவார்கள். மாமா காதில் விழாததுபோல முகத்தை வைத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கைதட்டல்தான் அவருக்கு உயிர். வீட்டில் சொல்ல மாட்டார், ஆனால் வீட்டுக்குத் தெரியும்.

கேலரிப் படிகளுக்கு அடியில் அவருடைய அறை. சரிந்த கூரை, கறுப்பு டேப் ஒட்டிய ரெக்சின் மேசை, ஐஸ் பெட்டி, எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் போகாத தைல வாசனை. அந்த அறையில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "வலிங்கிறது வெறும் சத்தம்டா. வீக்கம்தான் திருடன். திருடனைப் பிடி, சத்தம் தானா நிக்கும்." வந்தவனுடைய கணுக்காலில் தன் கட்டைவிரலை அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார். குழி விழுந்து நின்றால் ஓய்வு, நிற்காவிட்டால் ஓட்டம். ஓய்வு என்று தீர்ப்பானவர்களுக்குப் பையின் பக்கவாட்டு உறையிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற மாத்திரை. வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைதான். ஆனால் அவர் கையால் கொடுத்தால் கேட்கும் என்று பையன்கள் நம்பினார்கள். அவர் அவர்களைவிட அதிகமாக நம்பினார்.

அவருடைய மனைவிக்குக் கடைவீதியில் ஒரு பெரிய ஷூ கடையில் வேலை. சாய்வான சின்ன முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை அளவுத் தகட்டில் வைத்துப் பார்த்து, பெட்டி பெட்டியாகத் திறந்து போட்டுக் காட்டுகிற வேலை. தெருவில் யாராவது எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார். "இந்த ஊருல பாதிக் காலு எங்க வீட்டுதுதான். அவ போட்டு அனுப்புவா, நான் கழட்டிப் பார்ப்பேன்" என்று மாமா சொல்வார். எத்தனையோ வருடமாகச் சொல்கிறார். அந்த அம்மாளும் எத்தனையோ வருடமாகச் சிரிக்காமல் இருக்கிறார்.

அன்று காலைப் பயிற்சியில் ஐஸ் வாளியைத் தூக்கி வந்துகொண்டிருந்தபோது அவருக்குத் தாடை வலித்தது. இடது கையும் கனத்தது. வாளியின் கனம் என்று கையை மாற்றிக்கொண்டார். தாடை வலிக்குக் காரணம் கடைவாய்ப் பல் என்று முடிவுகட்டி, பெஞ்சில் உட்கார்ந்து வாளியிலிருந்து ஒரு கை ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றித் தாடையில் வைத்துக்கொண்டார். மாரடைப்புக்கு ஐஸ் வைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மைதானத்தின் அந்தக் கோடியில் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தவர்தான் முதலில் கவனித்தார். மைதானத்தைப் பராமரிப்பவர். எல்லோரும் புல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் ஏறாத வேளையில் மாமாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வண்டியை அணைக்காமலே குதித்து ஓடி வந்தார். கோச் தன் காரை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் புல்லின் மேல் காரை ஏற்றியதற்குப் புல்லுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று பையன்களுக்கு அதைப் பார்த்துத்தான் புரிந்தது.

பிழைத்துக்கொண்டார். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு இதய டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார். இளவயதுப் பெண், வேகமாகப் பேசுபவர், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்பவர்.

"எல்லாரும் குழாய்க்குள்ள அழுக்குப் படிஞ்சு அடைக்கிற மாதிரி நினைக்கிறாங்க. அப்படி இல்லீங்க ஐயா. கொழுப்பு ரத்தக்குழாயோட சுவருக்குள்ளேயே போய் உட்காருது. அதை அப்புறப்படுத்த உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுக்கள் உள்ள நுழையுது. கிருமி வந்தா சண்டை போடுற அதே செல்லுங்கதான். நல்ல எண்ணத்தோடதான் போகுது. போன இடத்துல தின்னு தின்னு ஊதிப்போய், வெளிய வர வழியில்லாம அங்கேயே சாகுது. அதைப் பார்த்து இன்னொரு கூட்டம் வருது. சுவர் உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கு. ஒருநாள் மேல் மூடி கிழியுது, அங்க ரத்தம் உறையுது, குழாய் அடைச்சுக்குது. அன்னைக்கு உங்களுக்கு ஆனது அதுதான்."

மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். அவருடைய அறைக்கு யாரோ தெரிந்தவர் வந்துவிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

"அப்போ இது வீக்கமா டாக்டர்?"

"ஒருவகையில வீக்கம்தான்னு வெச்சுக்கங்க," என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் ஏதோ கருவி கத்தியது. அவர் அங்கே போய்விட்டார்.

மாமா அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க, கொழுப்புக் குறைய, அழுத்தம் ஏறாமல் இருக்க. கடைசியாகச் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. "இது நான் சொன்னேனே அந்த வெள்ளையணுக்கள், அதுங்களோட ஆர்ப்பாட்டத்தைக் கொஞ்சம் அடக்கறதுக்கு. எல்லாருக்கும் எழுதறதில்ல. உங்களுக்குக் கிட்னி நல்லா இருக்கு, அதனால தர்றேன். மொதல்ல கொஞ்சம் வயித்தைக் கலக்கினாலும் கலக்கும். அப்புறம் ஐயா, என்னைக் கேக்காம வலி மாத்திரை எதையும் தொடாதீங்க. ஓடக் கூடாது. சீசன் தொடங்கறதுக்கு முன்னால எக்கோ எடுத்துப் பார்ப்போம். இதயம் நல்லா சுருங்கி விரிஞ்சா பெஞ்சுக்குப் போகலாம். இல்லைன்னா இந்த வேலையையே மறந்துட வேண்டியதுதான்."

மற்றவை மாமா மண்டையில் அரைகுறையாகத்தான் ஏறின. கடைசி வாக்கியம் மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றது. கூடவே, அந்த வெள்ளை மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தவர் திடுக்கிட்டார். அவருக்குத் தெரிந்த மாத்திரை. கிளப் தலைவருக்கு அவ்வப்போது கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கும். ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாக மைதானத்துக்கு வருவார். அப்போதெல்லாம் மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வருவது மாமாதான். இதே பெயர், இதே அட்டை. கட்டைவிரலுக்குக் கொடுக்கிற மாத்திரை!

அங்கேயே வாயைத் திறந்து கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பெரிய மனது பண்ணி டாக்டரைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார். சின்ன வயசு, நல்ல பெண், கை தவறி எழுதியிருக்கும், நாலு பேர் முன்னால் கேட்டு அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போட்டார். நோய் என்ன? வீக்கம். டாக்டரே சொன்னது. வீக்கத்துக்கு மருந்து எது? இதில் அவருக்குப் பாடம் எடுக்க இன்னொருவர் பிறந்து வர வேண்டும். தலைவருடைய விரலுக்கே மெதுவாகக் கேட்கிற மாத்திரை இதயத்துக்கு எந்த மூலைக்கு? அதனால் மற்ற மாத்திரைகளைக் கண்ணும் கருத்துமாகச் சாப்பிட்டார். வெள்ளை மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு அதன் இடத்தில் ஆரஞ்சு மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டுக்கொண்டார். வெள்ளை மாத்திரைகளைத் தூக்கியும் எறியவில்லை. காலித் தைல டப்பா ஒன்றில் சேர்த்து வைத்தார், தலைவருக்கு உதவும் என்று.

வலி மாத்திரை தொடாதே என்று டாக்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் இதை வலிக்கா சாப்பிடுகிறார்? வலிக்குச் சாப்பிட்டால்தானே அது வலி மாத்திரை. மனதார அப்படித்தான் நம்பினார். போதாக்குறைக்கு உடம்பும் அவர் பக்கம் சாட்சி சொல்லிற்று. எத்தனையோ வருடமாகக் கூடவே இருந்த முதுகுவலி காணாமல் போயிற்று. முழங்கால் கூட நைந்த கயிறுபோல இல்லாமல் நின்றது. "பார்த்தியா, மருந்து எப்படி வேலை செய்யுது!" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் டாக்டருடைய மாத்திரையைச் சொல்கிறார் என்று நினைத்து, அந்தப் பெண்ணை மனசுக்குள் வாழ்த்தினார்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தே கிடந்ததால் வந்த சோம்பல் என்று வைத்துக்கொண்டார். தலையணை ஒன்று போதாமல் இரண்டாயிற்று. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது.

புல்லுக்காரர் வாரம் தவறாமல் பார்க்க வருவார். மைதானத்துக்குப் புதிதாகக் கோடு போட்டது, கோல் கம்பத்துக்கு வெள்ளை அடித்தது, பெஞ்சின் ஓரத்தில் மாமாவின் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் அதில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருப்பது, எல்லாம் சொல்வார். ஒருநாள் எழுந்து போகிற நேரத்தில் வாசலில் நின்றார்.

"அண்ணே, எங்க பெரியண்ணனும் இதுலதான் போனாரு. எனக்கும் இப்பல்லாம் வண்டியைத் தள்ளினா நெஞ்சு இறுக்குது. எனக்கும் இருக்குமோ?"

அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போ என்று மாமா சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்.

"உள்ள வீக்கம் இருக்கும்ப்பா. வேற ஒண்ணுமில்ல. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தீர்ந்தா சொல்லு, நான் தர்றேன்."

புல்லுக்காரர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு முறை அவரே கேட்டு வாங்கிப் போனார்.

எக்கோ எடுக்கும் நாள் நெருங்கியது. மனைவி கடையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். கறுப்பு ஷூ, மெத்தென்ற அடி, கயிறு கட்டுவது. பெஞ்சுக்குத் திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ள. மாமாவின் கால் ஒன்பதாம் நம்பர். கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மாளுக்கு அது தெரியும், அவர்கள் முதலில் பேசிக்கொண்டதே அந்தச் சின்ன முக்காலியில்தான்.

"காலைக் காட்டுங்க."

"நானே போட்டுக்கறேன்."

"முப்பது வருஷமா ஊரார் காலுக்குப் போட்டு விடறேன். உங்க காலுக்குப் போட மாட்டேனா? காட்டுங்க."

ஷூ ஏறவில்லை. கயிற்றைத் தளர்த்திப் பார்த்தார். ஷூ ஏற்றுகிற கொம்பை வைத்துத் தள்ளிப் பார்த்தார். பெட்டியைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். ஒன்பதுதான். அந்த அம்மாளுக்கு முகம் மாறியது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு, காலுறையைக் கழற்றினார். காலுறையின் வாய் பட்ட இடத்தில் கயிறு கட்டியதுபோல் பள்ளம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி வைத்தார். கணவர் மற்றவர்களுக்குச் செய்வதை எத்தனை தடவை பார்த்திருப்பார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது.

இரண்டு பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெயிலு," என்றார் மாமா.

"வெயில் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அடிக்குதா? கிளம்புங்க."

ஊரார் கணுக்காலையெல்லாம் அழுத்திப் பார்த்த மனிதருக்குத் தன் காலைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று அந்த அம்மாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். காரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எங்கோ ஏறி நின்றது. நெஞ்சில் நீர் கோத்த சத்தம் கேட்டது. எக்கோவையும் அப்போதே எடுத்தார்கள். இதயம் போன முறை இருந்ததைவிடத் தளர்வாகச் சுருங்கியது. டாக்டர் திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

"எல்லா மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"வேளை தவறினது இல்ல டாக்டர்."

"வலி மாத்திரை ஏதாவது?"

"வலிக்கு எதுவும் சாப்பிடல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ ஸ்டென்ட் மறுபடி அடைச்சிருக்கான்னு பார்க்கணும். திரும்பவும் ரத்தக்குழாய்க்குள்ள ஒயர் விட வேண்டியிருக்கும். வெள்ளையணுக்களுக்குன்னு கொடுத்த அந்தச் சின்ன மாத்திரையும் உங்களுக்குப் பிரயோஜனப்படல போலிருக்கு. நிறுத்திடலாம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு மனம் பொறுக்கவில்லை. பாவம், இரண்டு பெண்களும் வீணாகக் கலங்குகிறார்களே என்று, ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"டாக்டரம்மா, பயப்படாதீங்க. வீக்கத்துக்கு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க எழுதினது கட்டைவிரல் மாத்திரை. எங்க தலைவர் சாப்பிடறது. எனக்கு அப்பவே தெரியும், சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல. அதுக்குப் பதிலா இதைச் சாப்பிடறேன்."

சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

டாக்டர் அதைத் தொடவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து மாமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வார்டுல நான் இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னு பேசியிருக்கணும். தப்பு என்னுது. இப்போ கேளுங்க. உங்க தலைவருக்குக் கட்டைவிரல்ல என்ன ஆகுது தெரியுமா? மூட்டுக்குள்ள ஊசி ஊசியா உப்புப் படிகம் சேருது. அதைத் தின்ன வெள்ளையணுக்கள் வருது. தின்ன முடியல. ஆத்திரத்துல இன்னும் நாலு பேரைக் கூப்பிடுது. விரல் சிவந்து வீங்குது. உங்க ரத்தக்குழாய் சுவர்ல சேர்ந்த கொழுப்பும் அதே மாதிரி படிகமா ஆகுது. அங்கயும் இதே செல்லுங்க, இதே ஆத்திரம், இதே கூச்சல். அங்க விரல்ல, இங்க நெஞ்சுல, கலாட்டா பண்ற கூட்டம் ஒண்ணுதான். அந்தக் கூட்டத்தை ஒண்ணுசேர விடாம பண்றதுதான் அந்தச் சின்ன மாத்திரை. தெரிஞ்சுதான் எழுதினேன்."

மாமா ஆரஞ்சு அட்டையைக் காட்டினார்.

"அப்போ இது?"

"இது வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குற ஒரு ரசாயனத்தை நிறுத்தும். சுளுக்குக்கு ரெண்டு நாள் சாப்பிட்டா சரி. உங்க ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற கூட்டத்தை இது கலைக்காது. அதுக்கு மேல கிட்னியை உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கச் சொல்லும், அதுதான் உங்க காலு. அழுத்தத்தை ஏத்தும். ரத்தம் உறையறதுக்கு வழி பண்ணும். ரத்தத்தை இளக்கற மாத்திரையோட சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். அடிபட்ட இதயத்துல தழும்பு நல்லா இறுகி ஆறணும், அதையும் கெடுக்கும். ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு இதைவிட மோசமான மாத்திரையைத் தேடித்தான் பிடிக்கணும்."

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க," என்றார் மனைவி. "இவர் தன்கிட்ட இருந்தே ஆரம்பிச்சுட்டாரு."

மாமாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது. டாக்டர் நாடியைப் பிடிக்கப் போனார். மாமா கையை உதறினார்.

"ஐயோ! புல்லுக்காரன்! அவனுக்கும் கொடுத்திருக்கேன் டாக்டர். நெஞ்சு இறுக்குதுன்னு சொன்னான், மூணு அட்டை கொடுத்திருக்கேன்!"

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. புல் வெட்டும் வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டார், சத்தத்தில் கேட்காது. அது மாமாவுக்குத் தெரியும். வண்டியிலிருந்து விழுந்து கிடந்தாலும் எடுக்க மாட்டார். அதுவும் தெரியும். மறுபடி போட்டார். அவசரத்தில் எண் தவறியது. தனக்கு மாரடைப்பு வந்த நாளில் கூட இப்படி ஒரு பயம் அவருக்கு வரவில்லை. அன்று போக இருந்தது அவர் உயிர், இன்று இன்னொருவன் உயிர், அதுவும் அவரை ஓடி வந்து காப்பாற்றியவன் உயிர். மனைவி போனை வாங்கிக் கோச்சை அழைத்தார். கோச் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அதோ வண்டியில்தான் இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் புல்லுக்காரரின் குரல் வந்தது, மூச்சிரைக்க.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"டேய், அந்த மாத்திரையை இனிமே தொடாதடா! இதயத்துக்கு ஆகாதாம். எத்தனை சாப்பிட்ட? உள்ளதைச் சொல்லு!"

அந்தப் பக்கம் புல்லுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுடா!"

"ஒண்ணு கூட சாப்பிடலண்ணே."

"என்னது? திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிட்டுப் போனியே?"

"நீங்க படுத்துக் கிடந்தீங்க. யாருக்காவது வைத்தியம் பார்த்தா முகம் தெளியுதேன்னு கேட்டேன். எல்லாம் ஷெட்டுல ஆணி டப்பாக்குள்ள இருக்கு. தப்பா நினைக்காதீங்கண்ணே. நெஞ்சு வலிக்குத் தாடையில ஐஸ் வெச்ச ஆளு நீங்க. உங்க மாத்திரையை எப்படி நான் சாப்பிடறது?"

மாமா போனை மடியில் வைத்துவிட்டு அழுதார். நிம்மதியில் பாதி, வெட்கத்தில் பாதி. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் போனை வாங்கி, "நெஞ்சு இறுக்கம் இருக்கிறவர் நீங்கதானே? நாளைக்கே வாங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஸ்டென்ட் அடைக்கவில்லை. ஆரஞ்சு மாத்திரையை நிறுத்தி, நீர் பிரிய மருந்து கொடுத்து, ரத்தம் சோதித்துப் பார்த்தபின் கட்டைவிரல் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். நெஞ்சிலும் காலிலும் கோத்திருந்த நீர் வடிந்தது. தொலைந்துபோன முதுகுவலி விலாசம் விசாரித்துக்கொண்டு திரும்பி வந்தது. தைல டப்பாவில் சேர்த்து வைத்திருந்த வெள்ளை மாத்திரைகளை மனைவி எடுத்துப் போய் மருந்துக்கடையில் கொடுத்துவிட்டார். புல்லுக்காரருக்குப் பரிசோதனையில் ஒரு குழாய் குறுகியிருப்பது தெரிந்து மருந்து எழுதினார்கள். அவருக்கும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை கிடைக்குமா என்று மாமா டாக்டரிடம் சிபாரிசு செய்து பார்த்தார். அதை நான் முடிவு பண்றேன் என்றார் டாக்டர்.

சீசனின் முதல் ஆட்டத்துக்கு அவர் போக முடியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. அடுத்த எக்கோவைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சம்மதித்தார். இதயம் பழையபடி ஆகவில்லை, ஆனால் இழந்ததில் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"பெஞ்சுக்குப் போகலாம். யாராவது விழுந்தா மைதானத்துக்குள்ளயும் போகலாம். ஆனா நடந்து போகணும். ஓடினீங்கன்னு கேள்விப்பட்டேன், அதுதான் கடைசி."

ஒன்பதாம் நம்பர் ஷூ வழுக்கிக்கொண்டு ஏறியது. புல்லுக்காரர் நாற்காலியிலிருந்து வாளியை எடுத்து வைத்தார். மனைவி கேலரியில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் பார்க்க இல்லை, அவருக்குப் பந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். மாமாவின் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. எதிர்க்கோடியில் அந்த அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நடுவர் கையசைத்துக் கூப்பிட்டார். மாமா பையைத் தோளில் மாட்டினார். கேலரி எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவர் இத்தனை நாள் காத்திருந்தார். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். முழங்கால் தானாக மடங்கிப் பாயப் பார்த்தது.

நடந்தார்.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பியது. மைதானத்தின் பாதியைக் கூட அவர் தாண்டவில்லை. எதிரணிக்காரர்கள், "நேரத்தைக் கடத்துறாங்க!" என்று கத்தத் தொடங்கினார்கள். எதிர்ப்பக்கத்துக் கேலரி ஊளையிட்டது. "மாமா, கொஞ்சம் எட்டிப் போடுங்க!" என்று கோச்சே கத்தினார். நடுவர் ஓடி வந்து பக்கத்தில் நின்று, "ஐயா, சீக்கிரம்" என்றார். மாமாவின் காது மடல் வரை சிவந்தது. மானம் போகிறதே என்று இருந்தது. ஆனாலும் ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, கடைக்குப் போகிறவர்போல நடந்தார். நடுவர் தன் சட்டைப்பையில் கைவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். ஆடிய காலத்தில் கூட மாமா அப்படி ஒன்றை வாங்கியதில்லை. மாமா அதற்குத் தலையை ஆட்டி ஒரு வணக்கம் வைத்துவிட்டு அதே நடையில் போனார். விழுந்து கிடந்தவனின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். எடுத்தார்.

"என்ன மாமா, மாத்திரை ஏதாவது?"

"ஐஸ் வெச்சுக்க. நாளைக்கு டாக்டரைப் பாரு."

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது மனைவி படியிறங்கி வந்தார். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து வலது ஷூவைக் கழற்றினார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஆட்டக்காரர்கள் பையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். புல்லுக்காரர் கொடிக் கம்புகளைப் பிடுங்குவதை நிறுத்தினார். அந்த அம்மாள் விரலை எடுத்தார். தோல் உடனே எழும்பி வந்தது.

"சரி, போட்டுக்கங்க," என்றார்.